18 நிமிடம் 40 விநாடி: ஓர் ஆய்வேட்டில் காணொலி மேற்கோள் தவறிப்போன விதம்

தேர்வாளர் அறிக்கையில் ஏழாவது குறிப்பு அது: "பக்கம் 64, 71, 88 ஆகியவற்றில் மேற்கோளாகக் காட்டப்பட்ட கூற்றுகள், சுட்டப்பட்ட காணொலியில் சுட்டப்பட்ட நேரத்தில் இல்லை. மாணவர் விளக்கமளிக்க வேண்டும்."

மற்றக் குறிப்புகள் வழக்கமானவை. ஒற்றுப்பிழை, அட்டவணை எண், ஓர் இடத்தில் 2020 என்றும் இன்னோர் இடத்தில் 2021 என்றும் வந்த ஆண்டு. அவற்றையெல்லாம் ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். ஏழாவது குறிப்பு வேறு ரகம். "விளக்கமளிக்க வேண்டும்" என்று ஒரு தேர்வாளர் எழுதினால், "இட்டுக்கட்டினாயா?" என்று மரியாதையாகக் கேட்கிறார் என்று பொருள்.

நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஆய்வேடு திருத்திக் கொடுக்கிறவள். கீழே ஃபோட்டோஸ்டேட் கடை, பைண்டிங்கும் அங்கேதான். மேலே என் மேசை. நகரின் பல்கலைக்கழகங்களில் தமிழில் எழுதும் மாணவர்களில் சிலர், கடைசி மாதத்தில், கண்ணில் தூக்கமில்லாமல் அந்தப் படியேறி வருவார்கள். இந்த மாணவியும் 2025 இறுதியில் அப்படித்தான் வந்தார், வாய்மொழித் தேர்வு முடிந்த மூன்றாம் நாள். "மேஜர் கரெக்‌ஷன்" என்று தீர்ப்பு, அதாவது பெரிய திருத்தங்கள் செய்து மறுபடி கொடுக்க வேண்டும். அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே தேவையில்லை.

"அக்கா, சத்தியமா நான் அதைக் கேட்டேன்க்கா. கேட்டுக் கேட்டு நிறுத்தி எழுதினேன்."

"எதுல எழுதின? நோட்டு இருக்கா?"

இருந்தது. அந்த நோட்டுதான் பின்னால் அவரைக் காப்பாற்றியது.

ஆய்வேட்டின் பொருள், 2021 தைப்பூசம். அந்த ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி தைப்பூசம் வந்தபோது நாடு நடமாட்டக் கட்டுப்பாட்டில் இருந்தது. பத்துமலையின் 272 படிகளிலும் கூட்டம் இல்லை, பினாங்குத் தண்ணீர்மலையிலும் இல்லை. பூசையை மக்கள் கைப்பேசியில் பார்த்தார்கள். காவடிக்கு முன்னால் அடித்துக்கொண்டு போக வேண்டிய உறுமி மேளக் குழுக்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தன. அந்தக் குழுக்கள் அந்த ஆண்டு என்ன செய்தன, என்ன பேசின என்பதுதான் கேள்வி. களத்துக்குப் போயிருக்க முடியாது, களமே இணையத்தில்தான் இருந்தது. ஆகவே காணொலிகளை ஆதாரமாகக் கொண்டதில் குற்றமில்லை. வேறு வழியே கிடையாது என்றுகூடச் சொல்வேன். "யூடியூப் எல்லாம் ஆய்வுக்கு ஆதாரமா?" என்று முகம் சுளிக்கும் மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2021இன் உறுமிக்காரர்களைப் பற்றி அவர்கள் எந்த நூலகத்தில் போய்ப் படிக்கப் போகிறார்கள் என்று தெரியவில்லை.

சிக்கல் வந்த காணொலி, 2021 பிப்ரவரியில் நடந்த ஒரு நேரலைக் கலந்துரையாடல். பட்டர்வொர்த்தில் ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவர், தன் சேனலில், மூன்று உறுமிக்காரர்களை ஜூமில் அழைத்துப் பேசவைத்திருந்தார். அதில் மூத்தவர் சொன்ன மூன்று பகுதிகளை மாணவி மேற்கோள் காட்டியிருந்தார். மூன்றுக்கும் நேரம் கொடுத்திருந்தார்: 31:05, 1:14:20, 1:52:10. நூலுக்குப் பக்க எண் எப்படியோ, காணொலிக்கு நேரம் அப்படி. ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) மேற்கோள் நடையின் ஏழாம் பதிப்பு கேட்பதும் அதைத்தான்: நேர் மேற்கோள் என்றால் அது தொடங்கும் நேரத்தைக் கொடு. ஆக விதிப்படி பார்த்தால் அவர் தவறே செய்யவில்லை.

நானும் அந்த இணைப்பைத் திறந்தேன். 1:14:20க்குப் போனால் மூத்தவர் திரையிலேயே இல்லை. தைப்பூசக் கடை போடுகிறவர்களின் நட்டத்தைப் பற்றி இன்னொருவர் பேசிக்கொண்டிருந்தார். தேர்வாளர் பார்த்ததும் இதைத்தான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

நேரத்தை ஒதுக்கிவிட்டு, காணொலியை முதலிலிருந்து ஓடவிட்டோம். அவர் நோட்டில் "உறுமிக் குச்சி வளைவு" என்று ஒரு சொல்லைப் போட்டுவைத்திருந்தார். உறுமியில் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், அதிலிருந்துதான் அந்த உறுமல் வரும். மூத்தவர் அந்தக் குச்சியைத் திரைக்கு முன்னால் தூக்கிக் காட்டிய இடத்தைத் தேடினோம். 12:25இல் கிடைத்தது. நோட்டில் 31:05. இரண்டாவது பகுதி 55:40இல் இருந்தது, நோட்டில் 1:14:20. இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் கழித்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. மூன்றாவதைத் தேடவில்லை, நேரே 1:33:30க்குப் போனேன். மூத்தவர் அங்கே வாயைத் திறந்தார்.

மூன்றிலும் வேறுபாடு 18 நிமிடம் 40 விநாடி. நினைவுப் பிசகென்றால் ஒன்று ஐந்து நிமிடம் தள்ளியிருக்கும், இன்னொன்று முப்பது. இட்டுக்கட்டியிருந்தால் கிடைத்தே இருக்காது. மூன்றும் ஒரே அளவு நகர்ந்திருந்தால், நகர்ந்தது காணொலிதான். தலைப்பக்கத்தில் யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

ஸ்டூடியோக்காரரை வாட்ஸ்அப்பில் பிடித்தோம்.

"அங்கிள், அந்த உறுமி வீடியோவை நீங்க வெட்டுனீங்களா?"

"வெட்டலையேம்மா... ஆ, இரு இரு. முன்னாடி ஒரு முருகன் பாட்டு ஓடும்ல, 'சற்று நேரத்தில்'னு படம் போட்டு? அந்தப் பாட்டுக்கு போன வருஷம் காப்பிரைட் கிளெய்ம் வந்துச்சு. டிரிம்னு ஒரு பட்டன் இருந்துச்சு, அமுக்கிட்டேன். ஏன்மா, அதனால என்ன?"

எட்டு மணி நிகழ்ச்சியை நம்மவர்கள் என்றைக்கு எட்டு மணிக்குத் தொடங்கியிருக்கிறார்கள்? விருந்தினர் வந்து சேரும்வரை வேல் படத்தைப் போட்டுப் பக்திப்பாட்டை ஓடவிட்டிருக்கிறார். யூடியூபில் கன்டென்ட் ஐடி என்று ஓர் ஏற்பாடு உண்டு, 2007 முதல் இருக்கிறது. உரிமையாளர் கொடுத்த பாட்டோடு ஏற்றப்பட்ட காணொலிகளை இயந்திரம் ஒப்பிட்டுப் பார்க்கும். புதிதாக ஏற்றுவதை மட்டும் அது பார்ப்பதில்லை, பழையதையும் தோண்டும். அதனால்தான் 2021 காணொலிக்குச் சில ஆண்டு கழித்தும் கோரிக்கை வருகிறது. வந்தால் பதிவேற்றியவர் பாட்டின் ஒலியை அணைக்கலாம், வேறு பாட்டை மாற்றிப் போடலாம், அல்லது அந்தப் பகுதியையே வெட்டிவிடலாம். வெட்டினாலும் முகவரி மாறாது. பார்வை எண்ணிக்கை அப்படியே இருக்கும், பதிவேற்றிய தேதியும் அப்படியே இருக்கும். பார்க்கிறவருக்கு "இது திருத்தப்பட்டது" என்று ஒரு வரிகூடக் காட்டாது. நூலில் இரண்டாம் பதிப்பு என்று அட்டையில் போடுவார்கள். இங்கே முதல் பதிப்பின் மேலேயே இரண்டாம் பதிப்பை அச்சடித்துவிட்டு, பழைய தேதியையே விட்டுவைக்கிறார்கள்.

முதல் உலகத் தமிழ் மாநாடு 1966 ஏப்ரலில் இதே கோலாலம்பூரில் நடந்தது. அப்போது மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகள் முன்நின்று நடத்தியது. அங்கே வாசித்த கட்டுரைகள் பின்னர் நூலாக வந்தன. அதிலிருந்து ஒரு பக்கத்தைச் சுட்டினால், அறுபது ஆண்டு கழித்து யார் எடுத்துப் பார்த்தாலும் அந்த வரி அதே பக்கத்தில் இருக்கும். நம் மேற்கோள் முறை முழுவதும் இந்த நம்பிக்கையின் மேல் கட்டியது. காணொலிக்கும் அதே சட்டையைப் போட்டுவிட்டிருக்கிறோம், கைநீளம் சரியாக வரவில்லை.

விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது, இணைப்புச் சிதைவு பற்றிய ஆய்வுகளைச் சேர்க்கலாமா என்று மாணவி கேட்டார். 2014இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஒன்று பிரபலம். அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் காட்டப்பட்ட இணைய முகவரிகளில் ஏறக்குறைய பாதி, முதலில் சுட்டிய செய்தியை இப்போது காட்டுவதில்லை என்று அதில் கண்டார்கள். பியூ ஆய்வு மையமும் 2024இல் ஒரு கணக்குச் சொன்னது: 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப் பின் இல்லை. நல்ல எண்கள்தான். ஆனால் பியூ கணக்கு நமக்குப் பொருந்தாது என்று நீக்கச் சொன்னேன். அது முகவரி செத்துப்போவதைப் பற்றியது. நம் முகவரி உயிரோடுதான் இருக்கிறது, சொடுக்கினால் திறக்கிறது. உள்ளேதான் சாமான் இடம் மாறியிருக்கிறது. தேர்வாளருக்குத் தேவை உலகப் புள்ளிவிவரம் இல்லை, நாங்கள் தாளில் போட்ட கழித்தல் கணக்கு. ஹார்வர்டு வரியை மட்டும் அடிக்குறிப்பில் விட்டோம்.

மாணவி கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து இடிஎஸ் ரயிலேறி பட்டர்வொர்த்துக்குப் போனார். நான்கு மணி நேரப் பயணம். ஸ்டூடியோக்காரர் பழைய ஹார்ட் டிஸ்க்கில் மூலக் கோப்பை வைத்திருந்தார், கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் எதையும் அழிக்கமாட்டார்கள். கோப்பின் நீளம் 2:41:08. இப்போது யூடியூபில் இருப்பது 2:22:28. மறுபடி கழித்துப் பாருங்கள்.

இங்கேதான் எனக்கு ஓர் ஆதங்கம். மாணவி தன் பதிவில் "மொத்த நீளம் 2:41:08" என்று ஒரே ஒரு எண்ணைச் சேர்த்திருந்தால், தேர்வாளர் திரையில் 2:22:28 என்று பார்த்த அந்த நொடியே கதை முடிந்திருக்கும். சிகாகோ என்ற இன்னொரு மேற்கோள் நடையில் காணொலியின் ஓட்ட நேரத்தை எழுதும் பழக்கம் உண்டு. ஏபிஏ அதைக் கேட்பதில்லை. பார்த்த தேதியையும் அது யூடியூப் காணொலிக்குக் கேட்பதில்லை. மாறக்கூடிய பக்கங்களுக்கு மட்டும் போதும் என்கிறது. யூடியூப் காணொலி மாறாது என்ற எண்ணத்தில் வைத்த விதி அது. நான் இப்போது என்னிடம் வரும் எல்லா ஆய்வேட்டிலும் நீளத்தையும் பார்த்த தேதியையும் எழுதச் சொல்கிறேன், துறை கேட்டாலும் கேட்காவிட்டாலும். துணைநூற்பட்டியலில் இடமில்லை என்றால் பின்னிணைப்பில் ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளலாம். கூடவே, மேற்கோளுக்கு முன்னால் பேசியவர் சொன்ன நாலைந்து சொல்லையும் குறித்துவைத்தால், நேரம் நகர்ந்தாலும் இடத்தைப் பிடித்துவிடலாம். "உறுமிக் குச்சி வளைவு" எங்களுக்கு அப்படித்தான் உதவியது, அதுவும் தற்செயலாக.

ஏழாவது குறிப்பு இப்படித் தீர்ந்தது. ஆனால் ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் சேலையே வருமல்லவா. மற்றக் காணொலிப் பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம்.

முதலில் முகவரிகள். யூடியூபில் ஒவ்வொரு காணொலிக்கும் 11 எழுத்தடையாளம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு அதில் முக்கியம். அச்சுத்தாளைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறவருக்குப் பெரிய ஐயும் சிறிய எல்லும் ஒன்றாகத் தெரியும். இணைப்புக்கு அடிக்கோடு போட்டிருந்தால் அடையாளத்தில் உள்ள கீழ்க்கோடு அதற்குள் மறைந்துவிடும். ஆய்வேட்டில் இரண்டு முகவரிகள் வரியோரத்தில் உடைந்து, உடைந்த இடத்தில் ஒரு சிறுகோடு புகுந்திருந்தது. அந்தச் சிறுகோடும் அடையாளத்தில் வரக்கூடிய குறிதான், அதனால் அது பிழை என்று கண்ணுக்குப் படாது. பகிரும்போது வாலாக ஒட்டிக்கொள்ளும் "எஸ்ஐ" பகுதியையும் சீவி எறிந்தோம். காணொலியைக் காட்ட அது தேவையே இல்லை.

அடுத்தது ஆண்டு. தைப்பூசத்தின் பழைய கறுப்பு வெள்ளைச் செய்திப்படத் துண்டு ஒன்றை மாணவி "2014" என்று குறித்து, ஆய்வேட்டுக்குள்ளும் "2014இல் எடுக்கப்பட்ட காட்சியில்" என்று எழுதியிருந்தார். பிரிட்டிஷ் பாத்தே நிறுவனம் தன் ஏறத்தாழ 85,000 செய்திப்படங்களை யூடியூபில் ஏற்றியதாக அறிவித்தது 2014 ஏப்ரலில். அது ஏற்றிய ஆண்டு. பட்டியலில் அந்த ஆண்டு நிற்கலாம், நிற்கவும் வேண்டும். உள்ளே எழுதும்போது படம் எடுத்த காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வேட்டியும் சைக்கிளுமாகத் தெரியும் பினாங்கு வீதி 2014 ஆகிவிடும். தேர்வாளர் இதைக் கவனிக்கவில்லை. நான் சொல்லியிருக்காவிட்டால் அப்படியே அச்சாகியிருக்கும்.

பிறகு ஆசிரியர் யார் என்ற வழக்கு. உறுமிக் காணொலிக்கு மாணவி மூத்தவரின் பெயரை ஆசிரியராகப் போட்டிருந்தார். பேசியவர் அவர்தானே என்பது அவர் வாதம், நியாயமான வாதம்தான். ஆனால் ஏபிஏயில் காணொலியை ஏற்றியவர்தான் ஆசிரியர் இடத்தில் வருவார், அதை அவர் படைக்காவிட்டாலும். காரணம் எளிது: தேடுகிறவருக்குக் கிடைக்கப்போவது அந்தச் சேனலின் பெயரில்தான். பேசியவருக்குரிய மரியாதையை உள்ளே, "மூத்த உறுமிக் கலைஞர் ஒருவர் இந்தக் கலந்துரையாடலில் கூறுவதாவது" என்று வாக்கியத்தில் கொடுக்க வேண்டும். எம்எல்ஏ என்ற மற்றொரு மேற்கோள் நடை இதில் கொஞ்சம் தாராளம். பேசியவரை முன்னால் வைத்து, "பதிவேற்றியவர் இன்னார்" என்று பின்னால் சேர்க்க விடுகிறது. இந்த ஆய்வேட்டுக்கு அது பொருத்தமாக இருந்திருக்கும். என்ன செய்வது, துறை ஏபிஏ என்று முடிவுகட்டிவிட்டது.

பெயரைப் பற்றிப் பேசும்போது நம் ஊருக்கே உரிய ஒரு தலைவலி உண்டு. நம் அடையாள அட்டையில் பெயர், அதன்பின் ஏ/எல் அல்லது ஏ/பி (மலாயில் மகன், மகள் என்பதன் சுருக்கம்), அதன்பின் தகப்பனார் பெயர். மெண்டலி, ஜோட்டேரோ மாதிரி துணைநூற்பட்டியல் தயாரிக்கும் மென்பொருள்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு முன்னால் தள்ளும். மகன் எழுதிய கட்டுரைக்கு அப்பா ஆசிரியராகிவிடுவார். சேனல் பெயரில் "ஸ்டூடியோ" என்று முடிந்தால் இன்னும் வேடிக்கை: ஆய்வேட்டில் ஓர் ஆசிரியரின் குடும்பப் பெயர் "ஸ்டூடியோ" என்று அச்சாகியிருந்தது. பெயரை நிறுவனப் பெயராக, ஒரே புலத்தில் இட்டால் அது உடையாது. ஐந்து நிமிட வேலை, ஆனால் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஃபேஸ்புக் காணொலிகள்தான் உண்மையான இழப்பு. கோயில் நேரலைகள் ஐந்தை மாணவி அங்கிருந்து எடுத்திருந்தார். ஐந்தும் இல்லை. 2025 பிப்ரவரி 19 முதல், ஃபேஸ்புக்கில் நேரலையாகப் போகும் காணொலி 30 நாள் மட்டுமே இருக்கும், பிறகு தானாக நீங்கும். பழைய நேரலைகளுக்கு, அறிவிப்பு வந்தபின் தரவிறக்கிக்கொள்ள 90 நாள் தவணை கொடுத்துவிட்டு அவற்றையும் எடுத்தார்கள். அந்த அறிவிப்பு கோயில் பக்கத்தை நடத்துகிறவருக்குப் போகும், மேற்கோள் காட்டிய மாணவிக்கு வராது. 2021இன் வீட்டுத் தைப்பூசத்துக்கு அந்த நேரலைகளே ஏடு, சுவடி எல்லாம். இரண்டு கோயில்காரர்களிடம் கோப்பு இருந்தது, கேட்டு வாங்கினோம். மற்ற மூன்றும் போனது போனதுதான். அவற்றை நம்பி எழுதிய இரண்டு பத்திகளை நீக்கச் சொன்னேன். மாணவிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் யாரும் சரிபார்க்க வழியில்லாத ஒன்றை ஆதாரம் என்று வைத்துக்கொண்டு மறுபடி அந்த அறைக்குள் அவரை அனுப்ப எனக்குத் துணிவில்லை.

ஓர் இணைப்பு மட்டும் எனக்குச் சந்தேகம் தந்தது. 2015இல் ஏற்றிய ஓர் உரை. திறந்தால் "தனிப்பட்ட காணொலி" என்று வந்தது. பட்டியலிடாத காணொலி என்று யூடியூபில் ஒரு வகை இருக்கிறது, தேடினால் வராது, முகவரி தெரிந்தால் திறக்கும். 2017க்கு முன் ஏற்றிய அந்த வகைக் காணொலிகளை, உரிமையாளர் வேண்டாமென்று சொல்லாத வரை, 2021 ஜூலை 23 முதல் தனிப்பட்டதாக மாற்றினார்கள். இந்த உரை அந்த வகையாகத்தான் இருக்க வேண்டும் என்று பட்டது. மாணவி ஆய்வில் சேர்ந்ததே 2022.

"இதை நீ எப்படிம்மா பார்த்த?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பார்க்கலைக்கா. சீனியர் ஒருத்தர் தீசிஸ்ல இருந்துச்சு."

இது பெரிய பாவமென்று நான் சொல்லமாட்டேன், எல்லாரும் செய்கிறார்கள். ஆனால் செய்வதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது. பார்த்தது அந்தச் சீனியரின் ஆய்வேட்டை. ஆகவே பட்டியலில் வர வேண்டியது அந்த ஆய்வேடு. உள்ளே "இன்னாரின் உரை, இன்னார் வழி" என்று எழுத வேண்டும். அப்படியே மாற்றினோம்.

இனி நான் அதிக நேரம் உட்கார்ந்த இடத்துக்கு வருகிறேன். தேர்வாளர் கவனிக்காத, ஆனால் என் கண்ணுக்கு மிகப் பெரிதாகத் தெரிந்த பிழை அங்கேதான் இருந்தது.

71ஆம் பக்கத்தில் மேற்கோள்குறிக்குள் இப்படி இருந்தது: "காவடிக்கு முன்பாக வாசிக்கும் இசையைக் கிராமத்து வீட்டின் கூடத்தில் வாசிக்க மனம் வரவில்லை." 55:40இல் மூத்தவர் சொன்னதை நாங்கள் கேட்டோம். அவர் சொன்னது: "காவடிக்கு முன்ன அடிக்கிற அடிய கம்போங் வீட்டு ஹால்ல அடிக்க மனசு வரலய்யா."

மேற்கோள்குறிக்குள் இருப்பது அவர் சொன்ன சொல் அல்ல. அதன் உரைநடைப் பெயர்ப்பு. தமிழில் எழுதுகிற நமக்கு இது தினசரிப் பழக்கமாகிவிட்டது. செய்தித்தாளில் மீனவரும் அமைச்சரும் ஒரே இலக்கணத்தில் பேசுவார்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குப் பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு தூரம் கிடையாது, அதனால் அவர்கள் நடைக் கையேடுகளை மட்டும் நம்பி இதைத் தீர்க்க முடியாது. நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

"அடி" என்றது "இசை" ஆனதில் என்ன போயிற்று? உறுமிக்காரர் தான் செய்வதை இசை என்று சொல்லவில்லை, வாசிப்பதாகவும் சொல்லவில்லை. அடிக்கிறார். ஆய்வேட்டின் நான்காம் இயலே அந்தக் கலைஞர்கள் தங்கள் தொழிலை எப்படிப் பெயரிட்டுக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றியது! அந்த இயலின் சான்றையே மாணவி தன் கையால் திருத்தி அழகுபடுத்தியிருந்தார். "கம்போங்" கிராமம் ஆனது இன்னொன்று. கம்போங் வீடு என்றால் பினாங்குக்காரர் மனதில் ஒரு பலகை வீடு வரும், பக்கத்தில் மலாய்க்காரர் வீடு, சீனர் வீடு, சுவர் தாண்டிக் கேட்கும் சத்தம். "கிராமத்து வீடு" என்றவுடன் தஞ்சாவூர் வந்துவிடுகிறது. அவருக்கு மனசு வராததற்கு அக்கம்பக்கமும் ஒரு காரணம் என்பதை அதே காணொலியில் இரண்டு நிமிடம் கழித்து அவரே சொல்கிறார். அந்த "ய்யா"வும் முக்கியம். ஸ்டூடியோக்காரரைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது, மேடையில் சொன்னதன்று.

"பேச்சுத் தமிழ்ல போட்டா சூப்பர்வைசர் திட்டுவாங்கக்கா" என்றார் மாணவி. திட்டியும் இருக்கிறார்கள் போல. நடுவழியாக இப்படிச் செய்தோம்: நேர் மேற்கோள் என்றால் சொன்னது சொன்னபடி, இருமலும் இழுப்பும் மட்டும் நீக்கி. எழுத்துநடையில் தர வேண்டுமென்றால் மேற்கோள்குறியை எடுத்துவிட்டு, அவர் இவ்வாறு கூறுகிறார் என்று தன் வாக்கியமாக எழுதுவது. பேச்சை எப்படி எழுத்தாக்கினோம் என்பதற்கு இயல் மூன்றில் ஒரு பத்தி. மேற்பார்வையாளர் அந்தப் பத்தியைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நம் துறைகளில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

கடைசியில் அந்த உறுமிக் காணொலிக்கான பதிவு இந்த வரிசையில் நின்றது: ஸ்டூடியோவின் பெயர், சதுர அடைப்புக்குள் சேனல் முத்திரைப் பெயர், வளைவு அடைப்புக்குள் ஆண்டு, மாதம், நாள், சாய்வெழுத்தில் தலைப்பு, அவர் வைத்த மூன்று ஆச்சரியக்குறியோடு, சதுர அடைப்புக்குள் "காணொலி", யூடியூப், முகவரி. இது ஏபிஏ. அதன்கீழ் நான் சேர்க்கச் சொன்ன ஒரு வரி: பார்த்தபோது நீளம் 2:41:08, பின்னர் பதிவேற்றியவரால் தொடக்கத்தில் 18:40 நீக்கப்பட்டது, ஆய்வேட்டில் உள்ள நேரங்கள் மூலக் கோப்புக்குரியவை. அந்த வரி விதியில் இல்லை என்று யாராவது சொன்னால், வாய்மொழித் தேர்வு அறையில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்த அரை மணி நேரமும் விதியில் இல்லை.

விளக்கக் கடிதம் ஒன்றரைப் பக்கம். மூன்று நேரங்கள், மூன்று கழித்தல்கள், ஸ்டூடியோக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள். தேர்வாளர் இரண்டு வாரத்தில் ஏற்றுக்கொண்டார். மூலக் கோப்பையும் ஆய்வேட்டோடு ஒப்படைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். யூடியூபிலிருந்து இறக்கிக் கொடுப்பதென்றால் அந்தத் தளத்தின் நிபந்தனைகள் குறுக்கே வரும். மூலக் கோப்பு உடையவர் கையாலேயே கிடைத்தது, அனுமதியும் எழுத்தில் இருந்தது. முன்னால் ஓடும் அந்தப் பக்திப்பாட்டு மட்டும் அவருடையதல்ல. ஆய்வுக்காக நியாயமான அளவில் கையாளுவதற்கு 1987ஆம் ஆண்டு மலேசியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இடம் தருகிறது என்று மேற்பார்வையாளர் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தார்.

பைண்டிங் செய்யக் கீழே போனோம். மாணவி பென்டிரைவை நீட்டினார். கடை அண்ணன் அதைக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"இது தடிப்பா இருக்கேலா. அட்டைக்குள்ள எங்க ஒட்டறது?"

அந்தக் காலத்தில் ஆய்வேட்டின் பின்னட்டையில் சீடிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை ஒட்டுவார்கள். அந்த உறைகள் அவர் அலமாரியில் ஒரு கட்டு இன்னும் இருந்தன, தூசி படிந்து. டிவிடி எழுதும் கருவியையும் எங்கிருந்தோ தேடி எடுத்தார். 4.7 ஜிபி வட்டில் கோப்பு அடங்கிவிட்டது. எழுதி முடித்ததும் மார்க்கர் பேனாவை மாணவியிடம் கொடுத்து, "மேல என்ன எழுதணுமோ எழுதிக்கம்மா" என்றார்.

அவர் தலைப்பை எழுதவில்லை. முதலில் 2:41:08 என்று எழுதினார், பிறகுதான் பெயர்.